இன்ஜின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு

ஆமாங்க தம்பி, நானேதான். பேப்பர்ல போட்டிருந்த ஆளு நானேதான். போட்டோவுல மீசை கொஞ்சம் பெருசாத் தெரியுது, மத்தபடி இதே மூஞ்சிதான். கருக்கம்பாளையம் சென்னியப்பன். 'மரம் வளர்த்து மனித உயிர் காத்த விவசாயி'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தானுங்களே, அது.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அதுல எழுதியிருக்கறது அத்தனையும் பொய்யி. நான் ஆரையும் காப்பாத்தல. காப்பாத்தறதுக்கு நான் மரம் வெக்கல. விழுகட்டும்னுதான் வெச்சேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? மெய்யாலுந்தான். ஊருல ஆருகிட்டச் சொன்னாலும் சிரிக்கறானுங்க. 'பெரியவரு தன்னடக்கமாப் பேசறாரு'ங்கறானுங்க. நீங்க பல்லடத்துல பஸ்ஸை உட்டு எறங்கி உங்க சோலியப் பாக்கப் போயிருவீங்க. அப்பறம் என்னைப் பாக்கப் போறதுமில்ல, பேசப் போறதுமில்ல. அதனால உங்ககிட்டச் சொல்லலாம். அந்தச் சன்னலை மட்டும் கொஞ்சம் சாத்துங்க, காத்து காதுல அடிக்குது.

ஏரோப்ளேன்ல வந்து விழுந்தானே தெய்வசிகாமணி, அவன் வேத்தாளு இல்லீங்க. என்ற மச்சினன். எங்க ஊட்டுக்காரி மயிலாத்தாளோட கூடப் பொறந்த தம்பி. நான் கல்யாணம் பண்ணி அவளைக் கூட்டிட்டு வர்றப்ப அவன் டவுசர் போட்ட பையன். இன்னிக்கு ரெண்டு நூல் மில்லுக்கு மொதலாளி. இருக்கட்டும், ஒழைச்சான், சம்பாதிச்சான். எனக்கு அதுல வயித்தெரிச்சல் கெடையாது. சத்தியமாக் கெடையாது. எம்பட கோழிப் பண்ணை எனக்கு.

எங்க பண்ணைக்கு மேக்கால ஒரு காடு கெடந்துச்சு, வெள்ளாமைக் காடு. உள்ள ஒரு பாறைக் கெணறு. நல்ல ஆழம், எந்தக் கோடையிலயும் தண்ணி வத்தாது. அந்தக் கெணத்துக்காகவே அந்தக் காட்டை வாங்கிப் போடோணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. காட்டுக்காரனும் குடுக்கறேன்னுட்டான். அந்தச் சந்தோசத்துல மச்சினன் ஊட்டுக் கெடா விருந்துல, எலையில உக்காந்துட்டு, என்ற வாயாலயே சொன்னேன். 'மாப்ள, அந்தக் கெணத்துக் காடு வெலை படிஞ்சிரும்போல.' 'அப்படீங்களா மாமா, சந்தோசம்'னான். இன்னொரு கரண்டி கறி போடச் சொன்னான் எனக்கு. அடுத்த வாரம் போயி அவன் கிரயம் பண்ணிட்டான்.

கேட்டேன். கேக்காம உடுவனா? என்ன சொன்னான்னு நெனைக்கறீங்க? 'மாமா, நீங்க வாங்குனா என்ன, நான் வாங்குனா என்ன, எல்லாம் ஒண்ணுதானுங்க. எனக்கு நீளமா ஒரு எடம் வேணும். தண்ணி பூரா நீங்களே எடுத்துக்குங்க'ன்னான். எடுத்துக்கிட்டேன்தான். இன்னிக்கு வரைக்கும் அந்தத் தண்ணிதான் பண்ணைக்கு வருது. அது வேற விசயம்.

நீளமா எடம் எதுக்குன்னா, ரன்வே போடறதுக்காம். கோயமுத்தூர்ல படிச்சு லைசென்சு வாங்கிட்டான். ரெண்டு பேரு உக்கார்ற சின்ன ஏரோப்ளேன் ஒண்ணு வாங்கிட்டு வந்து நிறுத்துனான். மாலை போட்டு, சந்தனம் பூசி, ஊரையே கூட்டிப் பூசை போட்டான். 'மொதல்ல மாமாதான் ஏறோணும்'னு எல்லாரு முன்னாலயும் கையைப் புடிச்சு இழுத்தான். மாட்டேன்னா மருவாதியா இருக்குமுங்களா? ஏறுனேன்.

மேல போனதும் ஒரு பக்கமாச் சாச்சான் பாருங்க. கொடலு பூரா வாய்க்கு வந்துருச்சு. காத்தால தின்ன கொள்ளுப் பருப்புஞ் சோறும் வேட்டி மேல, சீட்டு மேல, அவன் சட்டை மேல. எறங்குனா, ஊரே நிக்குது. வெள்ளை வேட்டியில அந்தக் கோலத்துல நான் எறங்கறேன்.

சரி, அதோட உட்டானா? ஒரு கல்யாணம் பாக்கியில்ல, ஒரு காதுகுத்து பாக்கியில்ல. பந்தியில கொள்ளுப் பருப்பு போட்டாப் போதும், ஆரம்பிச்சிருவான். 'எங்க மாமா ஆகாசத்துலயே பந்தி போட்டவருங்க.' எல்லாரும் சிரிப்பானுங்க. என்ற சம்பந்தி ஊட்டுக்காரங்க சிரிச்சாங்க தம்பி. என்ற சொந்த மக வாயில முந்தானைய வெச்சுட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிக்காட்டி ரோசக்காரன்னு சொல்லுவானுங்களே.

அப்பறம் ஆடி மாசம் வந்துச்சு. எங்க பக்கத்துல ஆடிக் காத்து தெரியுமில்ல? மேக்கால இருந்து ஆளையே தள்ளும். காத்துக்கு எதுத்தாப்பலதான் ஏரோப்ளேன் எறங்கோணுமாம். அப்ப கெழக்க இருந்து வரோணும். கெழக்க ஆரு இருக்கறது? நான்தான் இருக்கறேன். என்ற கோழிச் சாளைக் கொட்டகை மேலயே, கூரையத் தேச்சுட்டுப் போற மாதிரிப் போவான். ஒரு நாள் உச்சிப் பொழுதுல அப்படித்தான் போனான். போயிப் பாத்தா, கோழி பூரா ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு முட்டிச் செத்துக் கெடக்குது. பாதிச் சாளை காலி. காத்தாடிய நிறுத்தி வெச்சிருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. கரண்டு மிச்சம் புடிக்க மத்தியானத்துல நான் எப்பவும் நிறுத்தறதுதான். மயிலாத்தா அதைத்தான் சொல்லிட்டு இருந்தா. பொம்பளைக்கு என்ன தெரியும்? அது அந்தச் சத்தத்துலதான் செத்துச்சு.

நேரா மில்லுக்குப் போனேன். செத்த கோழி ரெண்டைக் கையில புடிச்சுட்டே போனேன். அவன் ஆபீசுல நாலு பேரு உக்காந்திருந்தானுங்க. நான் சொல்லி முடிக்கல, இவன் சிரிக்கறான். 'மாமா, அடுத்த தடவை நான் வர்றதுக்கு முன்னால போன் பண்ணிச் சொல்றனுங்க. கோழிக் காதுல பஞ்சு வெச்சிருங்க'ன்னான். அந்த நாலு பேரும் மேசையத் தட்டிச் சிரிச்சானுங்க.

அன்னிக்கு முடிவு பண்ணுனேன். டேய், உன்னைக் கீழ எறக்கறேன்டான்னு.

எப்படின்னு கேளுங்க. வாயி வார்த்தை இல்ல, கை கலப்பு இல்ல, போலீசு கேசு இல்ல. பண்ணைக்கு மேக்கால எல்லையில, அவன் ரன்வேக்கு நேரா, நாலு வரிசை சவுக்கு வெச்சேன். என்ற காடு, என்ற மரம். வக்கீல்கிட்டக் கேட்டேன். 'உங்க காட்டுல உங்க மரம், தடை உத்தரவு வாங்கிட்டு ஆராவது வந்தா அப்பறம் பாத்துக்கலாம்'னாரு. மயிலாத்தா 'எதுக்குங்க சவுக்கு?'ன்னா. 'காகித மில்லுக்கு'ன்னேன்.

தம்பி, புள்ளையக்கூட நான் அப்படி வளத்துனதில்லீங்க. கோழி எருவை நானே சுமந்துட்டுப் போயி ஒவ்வொரு தூருக்கும் போட்டேன். சொட்டு நீரு இழுத்து உட்டேன். ஆமாங்க, அவன் கெணத்துத் தண்ணிதான். எடுத்துக்கங்கன்னு அவன்தான சொன்னான்? காத்தால எந்திரிச்சதும் மொத வேலை மரத்துகிட்டப் போயி நிக்கறது. இடுப்பு ஒசரம் வந்துச்சு. ஆளு ஒசரம் வந்துச்சு. மூணாவது வருசம் அண்ணாந்து பாத்தாத் துண்டு விழுகற ஒசரம் வந்துருச்சு. காத்தடிச்சா 'ஓ'ன்னு ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டாத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வரும்.

அவனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது. மரத்தைத் தாண்டி மேல வந்து எறங்கோணும். மேல வந்தா ரன்வேயில பாதி தாண்டித்தான் சக்கரம் தரையத் தொடும். அந்தக் கடைசியில கரண்டு டவர் கம்பி போகுது. அங்கயும் இடிக்கக் கூடாது, இங்கயும் இடிக்கக் கூடாது. ரெண்டு தடவை எறங்க முடியாமச் சுத்திட்டுச் சுத்திட்டு கோயமுத்தூருக்கே திரும்பிப் போனான். நான் கீழ கட்டல்ல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அந்த ரெண்டு நாளும் நான் நல்லாச் சாப்பிட்டேன்.

ஊட்டுக்கு வந்தான். மாம்பழக் கூடையோட வந்தான். 'மாமா, அந்த நுனிய மட்டும் கொஞ்சம் சீவிக்கலாமுங்களா? ஆள நானே அனுப்பறேன்'னான். சிரிப்பையே காணோம் அன்னிக்கு. இந்த ஒரு நாளைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன்! 'மரத்துக்கு என்ன மாப்ள தெரியும்? உன்ற ஏரோப்ளேனைக் கொஞ்சம் ஒசரமாப் போகச் சொல்லு'ன்னேன். அவன் அக்காளைப் பாத்தான். அவ என்னைப் பாத்தா. நான் மாம்பழத்தை மோந்து பாத்தேன்.

அன்னிக்கு ராத்திரி மயிலாத்தா சொன்னா, 'வேண்டாமுங்க. அவன் விளையாட்டுப் பேச்சுப் பேசறவன். மனசுல ஒண்ணுமில்லாதவன். ஒரு நாளைப்போல ஒரு நாள் இருக்காதுங்க.' 'எந்திரிச்சுப் போயிப் படு'ன்னேன்.

அடுத்த ஆடி பொறந்துச்சு. ஒரு நாள் மரத்துகிட்டப் போறேன், உச்சியில என்னமோ செகப்பாத் தெரியுது. ஏணி போட்டு ஏறிப் பாத்தா, சேலை. மயிலாத்தாளோட பழைய செகப்புச் சேலையக் கிழிச்சு, பண்ணையாளை ஏத்தி, ஒசரமான மூணு மரத்து உச்சியில கட்டி உட்டிருக்கறா. தூரத்துல இருந்தே தம்பிக்குத் தெரியோணுமாம். 'செகப்புக்கு மேல வாடா சாமி'ன்னு போன்லயும் சொல்லியிருக்கறா. பாருங்க, என்ற சோத்தைத் தின்னுட்டு என்ற மரத்துல அவனுக்குக் கொடி கட்டியிருக்கறா.

அவுத்துட்டேன்.

மூணையும் அவுத்து, மடிச்சு, கொண்டாந்து பீரோவுக்கு அடியில வெச்சுட்டேன். என்ற மரம், என்ற ஊட்டுச் சேலை. இதுல தப்பு எங்கீங்க இருக்குது? நீங்களே சொல்லுங்க.

அதுக்கு நாலஞ்சு நாள் கழிச்சு, பொழுது சாயற நேரம். நானும் மயிலாத்தாளும் தீவனம் எறக்கிட்டு இருந்தோம். கெழக்க சத்தம் கேட்டுச்சு. வர்றான். நல்ல காத்து. இன்ஜின் சத்தம் ஒரே சீரா வருது, துளி பிசகில்ல. கேட்டுக்குங்க தம்பி, இதுதான் முக்கியம். ஒரே சீரா ஓடிட்டு இருந்துச்சு. தாழ வந்தான். எப்பவும் வர்றதை உடத் தாழ வந்தான். மயிலாத்தா தலைய நிமுத்தி மரத்தைப் பாத்தா. 'ஐயோ, துணி எங்கீங்க?'ன்னா. நான் தீவன மூட்டைய எறக்கிட்டே இருந்தேன். அவ ரெண்டு கையையும் காதுல வெச்சுப் பொத்திக்கிட்டா.

றெக்கை மரத்துல மாட்டுச்சு. தார்ப்பாயைக் கிழிச்சா வருமில்ல, அப்படி ஒரு சத்தம். அப்படியே ஒரு சுத்துச் சுத்தி, மூக்கு கீழ, வாலு மேல, மரத்துக்கு நடுவுல தொங்குச்சு. இன்ஜின் அப்பத்தான் நின்னுச்சு. அப்பத்தான் நின்னுச்சு தம்பி.

எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சு நெறைஞ்சு இருந்துச்சு.

மயிலாத்தா ஓடிட்டா. 'தெய்வா, தெய்வா'ன்னு கத்திட்டே ஓடறா. நானும் அருவாளை எடுத்துட்டு ஓடுனேன். பேப்பர்ல போட்டிருக்கறானே, 'தன் உயிரையும் பொருட்படுத்தாது மரமேறினார்'னு, அது மெய்தான். ஏறுனேன். பெட்ரோல் நாத்தம் கொமட்டுது. எதுக்கு ஏறுனேன்? அவன் உசுரோட இருக்கோணும். செத்துப் போயிட்டா, நான் ஜெயிச்சது அவனுக்கு எப்படித் தெரியும்? சீட்டு வாரை அறுத்து, அவனைத் தோள்ல சாச்சேன். ரெண்டு காலும் நசுங்கிக் கெடக்குது. மூஞ்சி பூரா ரத்தம். கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான். என்ன கேட்டான் தெரியுங்களா? 'கோழி ஏதாச்சும் செத்துப் போச்சுங்களா மாமா?'ன்னான்.

அந்த நெலமையிலயும் கிண்டல் பாத்தீங்களா?

சென்னையில இருந்து ஆபீசருங்க வந்தாங்க. அளந்தாங்க, போட்டோ எடுத்தாங்க. மரத்தை ஆரு வெச்சது, எப்ப வெச்சது, எதுக்கு வெச்சதுன்னு கேட்டாங்க. நான் தயாரா இருந்தேன். கேளுங்கடா, சொல்றேன்னு நெஞ்சை நிமுத்திட்டு நின்னேன். அதுக்குள்ள இவன் ஆஸ்பத்திரிக் கட்டல்ல படுத்துட்டே சொல்லிட்டான். 'இன்ஜின் நின்னு போச்சுங்க. ரன்வே வரைக்கும் வந்திருக்கவே முடியாது. முன்னால பாறைக் கெணறு. அதுக்குள்ள விழுந்திருந்தா எலும்புகூடக் கெடைச்சிருக்காது. மாமாவோட மரந்தான் ஏந்திப் புடிச்சுது. நான்தான் அவருகிட்ட மரம் வெக்கச் சொன்னதே, காத்துத் தடுப்புக்கு'ன்னு. எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டான். இன்ஜினைப் பிரிச்சுப் பாத்தவங்க, இத்தனை நொறுங்குனதுல எதையும் அறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. முடிஞ்சு போச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? மூணு வருசம் எருச் சுமந்து, தண்ணி கட்டி நான் பண்ணுன காரியம். ஒரே வார்த்தையில அதையும் அவன் எடுத்துட்டான். கெணத்துக் காட்டை எடுத்த மாதிரியே.

ஆஸ்பத்திரிக்குப் போயி ஆளில்லாத நேரம் பாத்துக் கேட்டேன். 'ஏன் மாப்ள பொய் சொன்ன? இன்ஜின் ஓடிட்டுத்தான இருந்துச்சு? நான் காதால கேட்டேன்.' அவன் சுவத்தைப் பாத்துட்டே சொன்னான், 'செகப்பு எங்க இருக்குது, எங்க இருக்குதுன்னு தேடிட்டே வந்தனுங்க மாமா. வெயிலு கண்ணைக் குத்துச்சு. செகப்புக் காணோம்னதும் இன்னும் மரமே வரலையாட்ட இருக்குதுன்னு எறக்கிட்டேன்.' அவ்வளவுதான். திட்டுவான்னு பாத்தேன், திட்டல. 'அக்காளுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க'ன்னான். சொல்லாட்டி என்ன? அவ அன்னிக்கே பீரோவுக்கு அடியில பாத்துட்டா.

அன்னையில இருந்து மயிலாத்தா தம்பி ஊட்டுலதான் இருக்கறா. கால் ஒடைஞ்சவனுக்குச் செய்ய ஆள் வேணுமில்ல, அதான் தங்கியிருக்கறா. ஆடியில போனா, இப்ப மாசி. அவன் தடி ஊனி நடக்கறான், மில்லுக்குக் கணக்குப் பாக்கப் போறான், காரு ஓட்டறான். ஏரோப்ளேனை மட்டும் தொடறதில்ல. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு இருப்பாபோல. துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா. பொம்பளைங்க அப்படித்தான், ரெண்டு நாளைக்குப் போனாலும் பொட்டியோடதான் போவாங்க.

அதுக்கு அப்பறந்தான் இந்தப் பாராட்டு விழா ஆரம்பிச்சுது. மொதல்ல எங்க ஊர்ல. அப்பறம் தாராபுரத்துல ஒரு சங்கத்துல. அப்பறம் ஒவ்வொரு ஸ்கூலா. சால்வை போத்தறானுங்க, மரக்கன்னு நடச் சொல்றானுங்க, புள்ளைங்களை உட்டுக் காலைத் தொட்டுக் கும்புடச் சொல்றானுங்க. இதெல்லாம் ஆரு ஏற்பாடுன்னு ஒரு ஹெட்மாஸ்டர்கிட்டக் கேட்டேன். 'உங்க சம்சாரந்தானுங்க ஐயா போன் பண்ணிச் சொன்னாங்க. உங்களை மாதிரி ஆளை நாலு பேரு தெரிஞ்சுக்கோணும்னாங்க'ன்னாரு. எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. கோவம் தணிஞ்சிருச்சுன்னு நெனைச்சேன்.

ஒரு தடவை மேடையிலயே உண்மையச் சொல்லிரலாம்னு மைக்கைப் புடிச்சேன். 'நான் நல்லவன் இல்லீங்க, விழுகோணும்னுதான் வெச்சேன்'னேன். கூட்டமே சிரிச்சு, எந்திரிச்சு நின்னு கை தட்டுது. கலெக்டராபீசுக்காரரு ஒருத்தரு கண்ணைத் தொடைச்சுக்கறாரு.

சரின்னு ஒரு நாள் மச்சினன் ஊட்டு வாசலுக்கே போனேன். அவ கதவுகிட்ட வந்து நின்னா. உள்ள வாங்கன்னு சொல்லல. 'பாரு, நான் அந்த ஆபீசருங்களுக்குச் சொல்லப் போறேன். உன்ற தம்பி அரசாங்கத்துக்கே பொய் சொன்னவன். அவன் லைசென்சைப் புடுங்காம உட மாட்டேன். நீயும் கேட்டீல்ல? இன்ஜின் ஓடுச்சா இல்லையா, சொல்லு'ன்னேன்.

'ஓடுச்சு'ன்னா. 'ராத்திரி கண்ணை மூடுனா இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது.'

'அப்ப வா, வந்து சொல்லு.'

'மாட்டேன். ஆரு வந்து கேட்டாலும் சத்தமே இல்லாமத்தான் வந்துச்சுன்னு சொல்லுவேன்'னா. கோவமா இல்லீங்க, அரிசி களைஞ்சுட்டே பேசுவாளே, அந்த மாதிரிச் சொன்னா. 'நீங்க ஜெயிலுக்குப் போனீங்கன்னா, செஞ்சதுக்கு அனுபவிச்சுட்டேன்னு நாலு வருசத்துல வெளிய வந்துருவீங்க. அது வேண்டாம். உங்களை நல்லவரு நல்லவருன்னு ஊரெல்லாம் சொல்லோணும். ஒவ்வொரு தடவையும் நீங்க கேக்கோணும். கட்டையில போற வரைக்கும் கேக்கோணும்.' கதவைச் சாத்திட்டா.

என்னமோ சொல்றா. அவ தம்பி மாதிரியே இவளுக்கும் பேச்சு. எனக்கு ஒண்ணும் புரியல.

இந்தா, பல்லடம் வந்துருச்சு பாருங்க. நானும் இங்கதான் எறங்கறேன். இங்க ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்கறானுங்க. ஏன் போறீங்க, வரலைன்னு சொல்லிரலாமேங்கறீங்களா? எப்படிங்க சொல்றது? ஊட்டுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கறா. போன் எடுக்க மாட்டேங்கறா. மேடை போட்டா மட்டும் எங்கிருந்தாலும் வந்தர்றா. மொத வரிசையில, தம்பி பக்கத்துல உக்காந்துட்டு, என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருப்பா. கூட்டம் பூராக் கை தட்டி ஓஞ்ச பொறகும், அவ ஒருத்தி மட்டும் நிறுத்தாமத் தட்டிட்டே இருப்பாங்க.